கேள்வி நேரம்: பர்ன்சைடின் தோட்டாவும் சுரங்கமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி பர்ன்சைடு துப்பாக்கி ஆலை நடத்தியவராமே! துப்பாக்கி அமோகமாக விற்றும் நொடித்துப்போனது ஏன்?
– வாசகர், அரவங்காடு

விற்றதெல்லாம் அவர் கையைவிட்டுப் போன பிறகுதான். ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு 1853-ல் ராணுவத்திலிருந்து விலகி, ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிரிஸ்டலில் தொழிலில் இறங்கினார். 1856-ல் அவர் வடிவமைத்த துப்பாக்கிக்குக் காப்புரிமை கிடைத்தது. சூட்சுமம் தோட்டாவில் இருக்கிறது. பித்தளைக் கூம்பு, குறுகிய பின்முனையில் சிறு துளை, அதன் வழியே பொறி பாயும். பின்பக்கம் தோட்டா போடும் அக்காலத் துப்பாக்கிகளில் இணைப்பு இடுக்கு வழியாகச் சூடான வாயு கசியும். இதில் பித்தளை விரிந்து இடுக்கை அடைத்துவிடும். குறையும் உண்டு: சுட்டபின் காலிக் கூடு சில சமயம் சிக்கிக்கொள்ளும்.

1857-ல் ராணுவச் சோதனையில் தேறியது, ஆனால் நம்பியிருந்த பெரிய ஆர்டர் வரவில்லை. காப்புரிமையைக் கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ரயில்வே கம்பெனி வேலைக்குப் போனார். 1861-ல் போர் மூண்டதும் அரசு வாங்கியது 50,000-க்கும் மேல்!

நம் மலை ரயில் குகைகளுக்கு இரண்டு வாய். வர்ஜீனியா மாநிலத்தின் பீட்டர்ஸ்பர்க்கில் தென்தரப்புக் கோட்டையைத் தகர்க்க பர்ன்சைடு படை 511 அடிச் சுரங்கத்தை ஒரே வாயோடு தோண்டியதே, மூச்சுக்கு என்ன செய்தார்கள்?
– வாசகி, குன்னூர்

அருமையான கேள்வி. தோண்டியவர்கள் பென்சில்வேனியா நிலக்கரித் தொழிலாளர்கள். அவர்களுக்கு இது கைவந்த கலை. வாயிலிருந்து சுமார் 100 அடி உள்ளே, தங்கள் அணிக்குப் பின்னால், மேல்நோக்கி ஒரு புகைபோக்கி. அதன் அடியில் அணையாத நெருப்பு. வாய்ப்பக்கம் காற்றுப் புகாத கித்தான் கதவு. கதவுக்கு அடியில் நுழைந்து தோண்டும் முகப்புவரை ஓடும் மரக்குழாய். நெருப்புச் சூட்டில் கெட்ட காற்று மேலே போக, வெளிக்காற்று குழாய் வழியே முகப்புக்கு வரும். ஊட்டிப் பழைய பங்களாவில் கணப்பு மூட்டினால் கதவிடுக்கில் குளிர்காற்று சீறி நுழையுமே, அதேதான். சுரங்கம் நீள நீளக் குழாயையும் நீட்ட வேண்டும். அதை விட்டால் முகப்பில் ஆள் மயங்கிவிடுவான்.

எதிரிக் கோட்டைக்கு அடியில் வைத்தது 320 பீப்பாய், 8,000 பவுண்டு கருமருந்து. ஆனால் திரி துண்டு துண்டாக வந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் அணைந்துபோனது. இருவர் உயிரைப் பணயம் வைத்து உள்ளே போய் மறுபடி பற்றவைத்தார்கள். 1864 ஜூலை 30, அதிகாலை 4.44-க்கு வெடித்தது.

பொறியியல் வென்றது, தாக்குதல் தோற்றது. இதற்கெனப் பயிற்சி பெற்ற கறுப்பின வீரர்களின் படைப்பிரிவை முந்தைய நாள் மேலதிகாரி மீட் மாற்றச் சொன்னார். மாற்றுப் பிரிவைப் பர்ன்சைடு சீட்டுக் குலுக்கித் தேர்ந்தார். என் பார்வையில் இது அவரது பெருந்தவறு. அந்த மாற்றுப் பிரிவு வீரர்கள் வெடிப்பில் உண்டான பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் அதற்குள்ளேயே இறங்கி மாட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகும் மக்கள் இவருக்கு ஓட்டுப் போட்டார்களா?
– வாசகர், கோத்தகிரி

போட்டார்கள். படைத்தலைமைப் பதவி பறிபோனது, ஆனால் 1865-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழு மீட் மீதுதான் பழி சொன்னது. 1866-ல் ரோட் ஐலண்டு ஆளுநராகி மூன்று முறை வென்றார். 1875 முதல் 1881-ல் இறக்கும்வரை செனட்டர். சைடுபர்ன்ஸ் என்ற சொல்லும் இவர் பெயரைத் திருப்பிப் போட்டதே. மீசையோடு இணைந்த கிருதா, மழித்த மோவாய் அவர் அடையாளம்.