நூற்று எழுபத்தைந்து – கடிதம்

வணக்கம் ஐயா,

தன்பாலீர்ப்பு எந்த நாட்டில் எந்த ஆண்டு குற்றமில்லை என்றானது என்று ஒரு பட்டியல் எழுதி வருகிறேன். இங்கிலாந்து 1967, ஜெர்மனி 1994, இந்தியா 2018, சிங்கப்பூர் 2022. படித்த சமூகங்கள் முதலில் மாறும், மற்றவை பின்னால் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஜெர்மனி ஏன் இவ்வளவு தாமதம்? ஹிட்லரோடு அந்தச் சட்டமும் போயிருக்க வேண்டாமா?

எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

போகவில்லை. ஹிட்லர் காலத்தில் திருத்திய அதே வாசகத்தோடு மேற்கு ஜெர்மனியில் 1969 வரை அது இருந்தது.

அது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு. ஏமாற்றுக்காரனை நாம் ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்கிறோமே, அதுபோல ஆணை விரும்பும் ஆணை அங்கே அந்த எண்ணாலேயே கேலி செய்தார்கள். மே 17இல் பிறந்தேன் என்றால்கூடச் சிரிப்பார்கள். தேதியை அவர்கள் 17.5 என்றல்லவா எழுதுவார்கள். பெண்களை இந்தப் பிரிவு தொடவில்லை.

படித்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஜெர்மன் பேரரசு உருவான 1871இல் வந்த சட்டம் அது. அதை நீக்கச் சொல்லி மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897இலேயே மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார். பின்னாளில் ஐன்ஸ்டைனும் கையெழுத்திட்டார். 1929 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் குற்றவியல் சட்டக் குழு, 15க்கு 13 என்ற கணக்கில் அதை நீக்கலாம் என்றே வாக்களித்தது. முழுச் சபையில் நிறைவேறுவதுதான் பாக்கி. அதற்குள் பொருளாதாரம் சரிந்து, ஆட்சி கவிழ்ந்து, 1930 தேர்தலில் நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107க்குத் தாவிவிட்டார்கள். 1933 மே மாதம் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிறுவனத்தைச் சூறையாடி நூல்களைக் கொளுத்தினார்கள். 1935இல் சட்டத்தை இறுக்கினார்கள். தொட்டிருக்கக்கூட வேண்டாம், எண்ணம் இருந்தால் போதும் என்ற அளவுக்கு நீதிமன்றங்கள் அதை நீட்டின. ஆயிரக்கணக்கானோர் வதைமுகாம்களுக்குப் போனார்கள், இன்ன ‘குற்றவாளி’ என்று காட்ட சட்டையில் தைத்த இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு.

எனக்கு இன்னும் ஜீரணமாகாதது 1945க்குப் பிந்தைய கதைதான். முகாமிலிருந்து மீண்ட சிலரை, தண்டனைக் காலம் பாக்கி என்று சிறைக்கு அனுப்பினார்கள். இது நாஜிச் சட்டம், எங்களைத் தண்டிக்கக்கூடாது என்று இருவர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். செல்லும் என்று 1957இல் தீர்ப்பு. ஒழுக்க நெறி என்று ஒரு காரணமும் சொன்னார்கள். 1969 வரை மேற்கில் தண்டிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். நாஜிகளின் 12 ஆண்டுக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

நீங்கள் எழுதியிருக்கும் 1994 தப்பில்லை, ஆனால் அது வால் மட்டும். 1969இல் 21 வயது நிரம்பியவர்களை விட்டார்கள், 1973இல் அதை 18 ஆக்கினார்கள். சோஷலிச கிழக்கு ஜெர்மனியோ 1950இலேயே நாஜித் திருத்தத்தைக் கைவிட்டு, 1968இல் பிரிவையே எடுத்துவிட்டது. (எல்லாவற்றையும் வேவு பார்த்த அரசு இதில் முந்தியது வேடிக்கைதான்.) 1990இல் இரண்டும் இணைந்தபோது அவரவர் சட்டம் அவரவருக்கு என்று விட்டுவைத்தார்கள். ஒரே நாட்டில் நான்கு வருடம் இரண்டு சட்டம். அதைச் சரிசெய்யும்போதுதான் 1994இல் மேற்கின் மிச்சமும் போனது.

போருக்குப் பின் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை 2017இல்தான் ரத்து செய்தார்கள். இழப்பீடாகத் தீர்ப்புக்கு 3,000 யூரோ, சிறையிலிருந்த ஆண்டுக்கு 1,500. விண்ணப்பித்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

பட்டியலில் கிழக்கு ஜெர்மனிக்குத் தனி வரி போடுங்கள், 1968 என்று. அப்புறம், மற்ற வரியில் 1994க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது 1929ஐ எழுதி வையுங்கள்.