கூந்தன்குளத்தில் வாத்து தெரியவில்லையா? தண்ணீர் நிலவரம் கேட்டுப் போங்கள்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறோம். போன வருடம் மதியம் போனோம். குளம் நிறையத் தண்ணீர், ஆனால் வாத்துகளைக் காணோம். எப்போது போனால் பார்க்கலாம்? – வாசகர், மதுரை

குளம் நிறையத் தண்ணீர் என்கிறீர்களே, சிக்கலே அதுதான். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் முங்கி இரை தேடுகிறவை அல்ல. தலையை மட்டும் நீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு மேய்கிறவை. கழுத்து எட்டாத ஆழத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. குளம் தளும்பினால் வேறு குளங்களின் ஓரம் தேடிப் போய்விடும். திருநெல்வேலிச் சீமையில் குளத்துக்கா பஞ்சம்! தண்ணீர் வடிந்து கரையோரம் சேறு தெரியத் தொடங்கும்போது போவதுதான் நல்லது. நல்ல மழை பெய்த வருடம் என்றால் பயணத்தை ஜனவரி கடைசிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளுங்கள். கிளம்பும் முன் வனத்துறையில் நிலவரம் கேட்டுக்கொள்ளலாம்.

வரித்தலை வாத்தின் பழக்கம் வேறு. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறவை. பகலில் குளத்தில் கூட்டமாக ஓய்வெடுக்கும். பொழுது சாய்ந்ததும் வயலுக்கு மேயப் போகும், விடியும்போது திரும்பும். கத்திக்கொண்டே வந்து இறங்குவதைப் பார்க்க ஆறு மணிக்கே கரையில் இருக்க வேண்டும். அதனால் முந்தின இரவே திருநெல்வேலிக்கு வந்து தங்குங்கள். அங்கிருந்து மூலைக்கரைப்பட்டி வழி.

காலையில் கிழக்குப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். பத்து மணிக்கு மேல் கானல் ஆடும். எந்தக் கேமராவும் அதற்குத் தோற்கும். 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) போதும். 10 மடங்கு வாங்கினால் குழந்தைகள் கையில் ஆடும்.

கரைமேல் வரிசையாக நடக்காதீர்கள். வானத்துக்கு எதிரே ஆள் உருவம் தெரிந்தாலே வாத்துகள் மிரளும். காருக்குள்ளிருந்து பார்த்தால் அவ்வளவு பயப்படாது. கழுத்தை நிமிர்த்தி எல்லாம் உங்களையே பார்க்கின்றனவா? சரி, அங்கேயே நின்றுவிடுங்கள். வீணாக எழும்பிப் பறந்தால், ஊர் திரும்பச் சேர்த்து வைக்கும் கொழுப்புதான் கரையும்.

அப்புறம், டிரோன் வேண்டவே வேண்டாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. வாத்து ஏமாற்றினாலும் ஊருக்குள் ஒரு சுற்று வாருங்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டும். அண்ணாந்து பார்க்கும்போது வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.