வாவிக்கரை, மேய்ச்சல் தரை, வயல்: காணி காப்பது குறித்த கேள்வி-பதில்

காணிகளைப் பாதுகாப்பது தொடர்பாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து இங்கே பதில் தந்துள்ளேன். ஒரே விடயத்தைக் கேட்டிருந்தவர்களின் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். நீதிமன்றில் வழக்கு நடக்கும் காணிகளைப் பற்றிக் கேட்டவர்கள் தங்கள் சட்டத்தரணியையே நாட வேண்டும்.

கேள்வி: வாவியோரத்தில் அம்மாவின் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் காணி எங்கள் நான்கு பேருக்கும் பொதுவில் இருக்கிறது. கரையில் கண்ணா, தில்லை போன்ற கண்டல் மரங்கள் (உப்புநீர்ச் சேற்றில் வளர்பவை) அடர்ந்து நிற்கின்றன. ஹோட்டல் கட்டுவதற்கென்று விலை கேட்டு வருகிறார்கள். விற்காமல் இப்படியே காத்து வைக்க வழி உண்டா? கனடாவில் இதற்கென்றே அமைப்புகள் இருப்பதாக அண்ணன் சொல்கிறார். (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: வழி உண்டு. ஆனால் அண்ணன் சொல்லும் வழியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1891 இல் தொடங்கிய, காணியைக் காப்பதற்கென்றே அமைப்புகளை ஏற்படுத்தும் இந்த முறை, பிற்காலத்தில் வட அமெரிக்கா முழுவதும் ஒரு சட்ட வடிவத்தைப் பெற்றது. அதன்படி, உரிமையாளர் காணியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையையும் காடழிக்கும் உரிமையையும் மட்டும் ஓர் அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். பின்னர் அந்தக் காணியை யார் வாங்கினாலும் அந்தத் தடை அவரைக் கட்டுப்படுத்தும். இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நாம் பின்பற்றும் ரோமன்-டச்சுச் சட்டத்தில் வழியுரிமை, நீருரிமை போன்றவை ஒரு காணிக்காக அடுத்த காணியின் மேல் சுமத்தப்படுபவை. பக்கத்தில் காணியே இல்லாத ஓர் அமைப்பு அப்படியொரு உரிமையைப் பெற்று வைத்திருப்பது கடினம். பிள்ளைகளுக்கு எழுதும்போது "விற்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அத்தகைய தடை தலைமுறை தலைமுறையாகச் செல்லாது.

ஆகவே மிஞ்சுவது, காணியின் உரிமையையே 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு தரும நம்பிக்கைப் பொறுப்புக்கு (பொது நோக்கத்துக்காகப் பொறுப்பாளர்கள் சொத்தைப் பேணும் ஏற்பாட்டுக்கு) மாற்றி எழுதுவதுதான். அதற்கு முன்னர் உங்கள் நால்வருக்குள்ளும் ஒரு வேலை முடிய வேண்டும். பிரிபடாத காணியில் எந்தப் பங்காளியும், எவ்வளவு சிறிய பங்கை வைத்திருந்தாலும், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். வழக்கு முற்றினால் நீதிமன்றமே காணியை ஏலத்துக்கு விடவும் கூடும். வாவிக்கரைக் காணிகளை வாங்க வருகிறவர்கள் முதலில் ஒரு பங்கை மட்டும் வாங்குவதன் சூட்சுமம் இதுதான். எனவே நால்வரும் ஒரே உறுதியில் (காணிப் பத்திரத்தில்) கையொப்பமிட்டு மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காக ஒருவர் கையொப்பமிட அற்றோணித் தத்துவம் அனுப்பலாம்.

உங்கள் பழைய உறுதியில் ஓர் எல்லை "வாவி" என்று மட்டும் இருக்கக்கூடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மூடியிருந்து மழையும் பெய்தால் நீர் வேலிக்குள் வந்து நிற்கும். முகத்துவாரம் வெட்டிய பின்னர் அதே இடம் சேறாகக் கிடக்கும். இந்த இரண்டு கோடுகளில் எது எல்லை என்பதை நில அளவையாளர் அளந்து வரைபடத்தில் போட்ட பின்னரே உறுதி எழுதுங்கள். கண்டல் நிற்கும் பட்டையின் ஒரு பகுதி அரச ஒதுக்குக் காணி என்று தெரியவந்தால் கலங்க வேண்டாம். அதை விற்க உங்களாலும் முடியாது, வாங்க ஹோட்டல்காரராலும் முடியாது. கடைசியாக, பராமரிப்புக்கென்று ஒரு தொகையை நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியிலிருந்து வேலிக்கும் காவலுக்கும் செலவிடலாம் என்று உறுதியிலேயே எழுதுங்கள். பணம் ஒதுக்காத நம்பிக்கைப் பொறுப்பு கடதாசியில் மட்டுமே உயிர் வாழும்.

கேள்வி: எனக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியில் ஒரு சிறு காடு இருக்கிறது. அதையும் அப்படி எழுதலாமா? (அம்பாறை)

பதில்: முடியாது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியின் உரிமை இன்னும் அரசிடமே உள்ளது. அளிப்புப் பத்திரமாக மாறிய பின்னரும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற இயலாது. காட்டை வெட்டாமல் விட்டுவைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இப்போதைக்கு அதுவே போதும்.

கேள்வி: எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மாடுகளை மேய்த்த தரையில் இப்போது வேறு ஆட்கள் வந்து சேனை வெட்டுகிறார்கள். பரம்பரை உரிமை என்று நாம் வழக்காட முடியாதா? (படுவான்கரைப் பட்டிக்காரர் ஒருவர்)

பதில்: தனியார் காணியில் 10 வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோரலாம். அரச காணிக்கு அந்தக் கணக்குச் செல்லாது. இது கேட்பதற்குக் கசப்பானது. ஆனால் மேய்ச்சல் தரை பற்றிய எல்லா முயற்சியும் இதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய அறவழிப் போராட்டமும், அம்பாறையில் வட்டமடுவில் மாடு வளர்ப்போருக்கும் வேளாண்மை செய்வோருக்கும் இடையில் நீண்டுசெல்லும் பிணக்கும் ஒரே குறையில் வேர்கொண்டவை: எல்லை அளந்து, வர்த்தமானியில் போட்டு, மேய்ச்சலுக்கென்று அந்த நிலம் உறுதியாக ஒதுக்கப்படாமை. ஒரே நிலத்தில் மகாவலி அதிகாரசபைக்கும் வன பரிபாலனத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அதிகாரம் இருக்கும்போது, பட்டிக்காரர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறார்.

உங்களிடம் சான்று இல்லை என்று எண்ண வேண்டாம். அது உங்கள் வீட்டில் இல்லை, அலுவலகங்களில் இருக்கிறது. ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில், விதைப்புத் திகதியோடு, வயல் வெளிகளிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய இறுதித் திகதியும் தீர்மானிக்கப்படுகிறது. மாடுகளை அப்புறப்படுத்து என்று அரசு சொல்லும்போது, அவை போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்பதையும் அரசே ஒப்புக்கொள்கிறது. பல கூட்டங்களின் அறிக்கைகளில் அந்த இடம் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கும். அந்த அறிக்கைகளை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எத்தனை வருடங்களுக்குக் கிடைக்குமோ அத்தனை வருடங்களுக்கும் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவை அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். அவற்றோடு கால்நடை வைத்திய அலுவலகத்தின் தடுப்பூசிப் பதிவுகளையும், மாடுகளுக்கு இடும் அடையாளக் குறிகளின் பதிவுகளையும், பால் சேகரிப்பு நிலையத்தின் பற்றுச்சீட்டுகளையும் சேருங்கள். பட்டி அடைக்கும் இடம், மாடு நீர் குடிக்கும் மடு, போகும் தடம் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியிலேயே இடக்குறிப்போடு பதிந்து ஒரு வரைபடம் ஆக்கலாம். உள்ளூரில் காணி காக்கும் ஓர் அமைப்பு செய்யக்கூடிய ஆகப் பெரிய தொண்டு இதுதான் என்பது என் கருத்து. அரச காணியை அது வாங்க முடியாது, ஆனால் அந்தக் காணிக்கான ஆவணக் கோவையை ஆண்டுக்கணக்காகப் பேண முடியும். பண்ணையாளர் சங்கத்தில் தலைவர் மாறும்போது கோவையும் காணாமற்போவதை நம் மாவட்டத்தில் அதிகம் கண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடசாலைச் சூழல் கழகம் வாவிக்கரையில் ஆயிரம் கண்டல் கன்றுகள் நட விரும்புகிறது. எந்த இனம் நல்லது? (மட்டக்களப்பு ஆசிரியர் ஒருவர்)

பதில்: முதலில் இனத்தைக் கேட்காமல் இடத்தைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நடுகை பெரும் எடுப்பில் நடந்தது. பின்னர் 23 நடுகைத் திட்டங்களைச் சென்று பார்த்த ஓர் ஆய்வு, 2017 இல் வெளியானது, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை என்று கண்டது. பிழையான உயரத்தில் நட்டதும், எங்கும் ஒரே இனத்தை நட்டதும், நட்டபின் கவனிக்காததும், மாடு மேய்ந்ததும் காரணங்கள்.

பெருங்கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். பறித்துச் சேற்றில் குத்திவிடுவது சுலபம், படத்துக்கும் அழகு. அதனாலேயே எல்லோரும் அதையே நடுகிறார்கள். நமது வாவியில் கடலின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது மாரி மழையும், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும்தான். புரட்டாதியில் வெளியே கிடந்த சேற்றில் நட்ட கன்று மார்கழியில் வாரக்கணக்காக மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். கண்ணா மரம் அருகில் நின்றால், அதன் விதை நீரில் மிதந்து வந்து தனக்கு ஏற்ற உயரத்தில் தானே முளைக்கும். எனவே அந்த ஆயிரம் கன்றுகளின் செலவில் கரையை ஓர் ஐம்பது மீற்றருக்கு மாடு புகாதபடி வேலியிட்டு, வந்து ஒதுங்கும் பொலித்தீனையும் ஆற்றுவாழையையும் மாணவர்கள் அகற்றிவரச் செய்து, ஒவ்வொரு தவணையும் தானாக முளைத்தவற்றை எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாரி கழிந்தும் ஒன்றும் முளைக்காத இடைவெளிகளில் மட்டும் நடலாம். கண்டற் கரையில் பெரும்பாலானது அரச நிலம் என்பதால், வேலியிடுவதற்கு முன்னர் வன பரிபாலனத் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் அனுமதி பெறுவதோடு, தோணி இறக்கும் மீனவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வயலைக் கிரவல் போட்டு நிரப்புகிறார்கள். எங்கள் வாய்க்கால் அடைபடுகிறது. (சம்மாந்துறை)

பதில்: 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. இன்றே கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறையிட்டுப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வயல் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானையையும் கூட்டிச் செல்லுங்கள். கிரவல் முழுவதும் இறங்கிய பிறகு வரும் உத்தரவால் வயல் திரும்பி வருவதில்லை.

கேள்வி: எங்கள் கோயிலுக்கு ஆற்றோரம் மருத மரங்கள் நிற்கும் காணி உண்டு. மண் அகழக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். திருப்பணிக்குப் பணம் வேண்டும் என்று சபையில் சிலர் சம்மதிக்கிறார்கள். (பெயர் வேண்டாம் என்ற வண்ணக்கர் ஒருவர்)

பதில்: கோயில் காணி உங்கள் சபையின் சொத்து அன்று, நீங்கள் அதன் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள். அந்தக் காணி எதற்காகக் கோயிலுக்கு எழுதப்பட்டது என்பதை உறுதியில் பாருங்கள். நெல்லோ வாடகையோ தரும் குத்தகை ஒரு வகை. காணியின் உடலையே அள்ளிக்கொண்டு போகும் குத்தகை வேறு வகை. பின்னதற்கு எதிராக அடியார்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருப்பதாக அகழ்பவர் காட்டினாலும், அது மண் எடுப்பதற்கான அனுமதி; நம்பிக்கைப் பொறுப்பை மீறுவதற்கான அனுமதி ஆகாது. மருதின் வேர்தான் அந்தக் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆறு கரையை அரித்துக்கொண்டு போனால் அடுத்த திருப்பணிக்குக் குத்தகை விடக் காணியே இராது என்று சபையில் சொல்லிப் பாருங்கள். பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் பணத்தைக் கொண்டே பேசுவது பலிக்கும்.

கேள்வி: உறுதிக் காணியில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. தாழையும் சவுக்கும் நட்டால் எஞ்சியதைக் காக்கலாமா? (நிந்தவூர்)

பதில்: உங்கள் கரைக்கு வர வேண்டிய மணலே தடைப்பட்டிருக்கும்போது செடி நட்டுப் பயன் இல்லை. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்துவிட்டன. துறைமுக வாயில் மணலால் அடைபட, வடக்கே உள்ள ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்படுவது இதனால்தான். பணம் செலவழித்துச் சொந்தமாகக் கல் அடுக்குவதையும் தவிருங்கள். அது அரிப்பை அடுத்த வளவுக்குத் தள்ளும். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள கரையோர வலயத்தில் அனுமதியின்றி அதைச் செய்வது 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி குற்றமுமாகும். உள்பக்கத்தில் எஞ்சியிருக்கும் வளவில் புதுக் கட்டடம் எழுப்பாமல் விடுங்கள். பழைய உறுதியையும் வரைபடத்தையும் வைத்து, கடல் கொண்ட பகுதியை நில அளவையாளர் ஒருவரால் இப்போதே அளந்து குறிக்கச் செய்யுங்கள். குறைந்தது இரண்டு எல்லைக் கற்களாவது கண்ணுக்குத் தெரியும் வரைதான் அந்த அளவை சாத்தியம்.