டயாலிசிஸ் வேணாம்னு சொன்ன அப்பா – ஒரு கடிதம்

அக்கா வணக்கம். நான் விருதுநகர் பக்கம், பேர் போட வேணாம் ப்ளீஸ். எங்க அப்பாவுக்கு 79 வயசு, 30 வருஷமா சுகர், ஒரு தடவ ஸ்ட்ரோக் வந்து இடது கை கால் கொஞ்சம் வீக். இப்ப ரெண்டு கிட்னியும் போயிருச்சு, கிரியாட்டினின் 8 தாண்டியாச்சு, டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா வேணாம்ங்கிறாரு. "என்னைய வீட்டுலயே விட்ருங்க", மூணு வாரமா இதே பேச்சுதான். நானும் சரின்னுட்டேன். துபாய்ல இருக்குற அண்ணன் போன்ல கத்துறான், காசு நான் அனுப்புறேன்ல, நீ அப்பாவைக் கொல்றியாங்கிறான். நான் பண்ணது தப்பாக்கா? கடைசில எப்படி இருக்கும், ரொம்பக் கஷ்டப்படுவாரா? யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்க கொல்லல. இதை முதல்ல சொல்லிடுறேன். அப்பாவோட உயிரை எடுக்கிறது அந்த வியாதி. புத்தி தெளிவா இருக்குற ஒருத்தர் எனக்கு இந்த சிகிச்சை வேணாம்னு சொன்னா அது அவரோட உரிமைன்னு 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லிருக்கு. ரெண்டு சாட்சி வச்சு நோட்டரிகிட்டயோ கெசட்டட் ஆபீசர்கிட்டயோ முன்னாடியே எழுதியும் வைக்கலாம், 2023ல அதை இன்னும் லேசாக்கிட்டாங்க. எழுதி வச்சா உங்களுக்கும் தெம்பு.

ஆனா ஒண்ணு கேக்கணும், அப்பா ஏன் வேணாம்ங்கிறாரு? இதை அவர்கிட்ட உக்காந்து கேட்டீங்களா? நம்ம அப்பாக்கள் நிறைய பேர் பிள்ளைங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு வேணாம்பாங்க, நிஜமா வேணாம்னு இருக்காது. அப்படின்னா அரசு ஆஸ்பத்திரியில முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் இலவசமா செய்றாங்கன்னு அவருக்குத் தெரியணும். ஊசிக்குப் பயமா, பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தர் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பயமா, இல்ல மனசு சோர்ந்து போய் எதுவுமே வேணாம்ங்கிறாரா, ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற வேற. ஒரு மாசம் செஞ்சு பாத்துட்டு ஒத்துக்கலன்னா நிறுத்திக்கலாம், அதுக்கும் டாக்டர்கள் ஒத்துக்குவாங்க. இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் வேணாம்னாருன்னா அது அவர் முடிவு. நாளைக்கே மனசு மாறினாலும் மாறட்டும், அதுவும் அவர் முடிவுதான்.

அண்ணன்கிட்ட இதைச் சொல்லுங்க. அமெரிக்காவுல முதியோர் பராமரிப்பு இல்லங்கள்ல இருந்து டயாலிசிஸ் ஆரம்பிச்ச 3702 பேரைப் பின்தொடர்ந்து பாத்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு வருஷத்துல 58 சதவீதம் பேர் இறந்துட்டாங்க, முன்னாடி இருந்த அளவுக்கு எழுந்து நடமாடிக்கிட்டு தன் வேலையத் தானே பாத்துக்கிட்டு இருந்தவங்க 13 சதவீதம்தான். உங்க அப்பா அந்த மாதிரி இல்லத்துல இல்ல, அதனால கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா வயசும் சுகரும் ஸ்ட்ரோக்கும் சேர்ந்த உடம்புக்கு மெஷின் தர்றது நாம நினைக்கிற அளவுக்கு இல்லன்னு புரியும். 30 வயசு ஆளுக்கு இதே பேச்சை நான் பேச மாட்டேன், அவங்களுக்கு டயாலிசிஸும் மாற்று கிட்னியும் முழுசா ஒரு வாழ்க்கை.

இப்ப என் கதை. என் மாமியார், எங்களுக்கு அத்தை, எட்டு மாசம் டயாலிசிஸ்ல இருந்தாங்க, வாரம் ரெண்டு தடவ, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வீட்டுக்கு வந்தா அன்னைக்கு முழுக்கத் துணி மாதிரி கிடப்பாங்க. ஒரு நாள் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைச்சு வைக்கிறது, அது போட்ட கையைத் தடவிக்கிட்டே "போதும்த்தா"ன்னாங்க. நிறுத்திட்டோம். ஆஸ்பத்திரியில டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க, அரிப்புக்கு ஒரு மாத்திரை கூட எழுதித் தரல, அவங்களுக்கு அதோட வேலை முடிஞ்சது. எனக்கும் ஒண்ணும் தெரியல, அதனால தெரிஞ்சதையே செஞ்சேன், அதாவது எட்டு மாசமா ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருந்த டயட் சார்ட்டை. தண்ணி டம்ளர்ல அளந்து குடுத்தேன், உப்பில்லாத கஞ்சி, பழம் கிடையாது, காயை ரெண்டு தடவ வேகவச்சுத் தண்ணிய வடிச்சுதான் போட்டேன். அத்தை நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு கேட்டாங்க, அவங்களே போட்டு வெயில்ல காயவச்சு ஜாடில அடைச்சது. பொட்டாசியம் ஏறிடும் அத்தைன்னு சொல்லிட்டேன். மறுநாளும் கேட்டாங்க, மறுநாளும் அதே பதில். மூணாம் நாள் அவங்க கேக்கல. பதினோராம் நாள் போயிட்டாங்க. மெஷினை நிறுத்தின பிறகும் மெஷினுக்கான பத்தியத்தை எதுக்குப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், யாருக்காகக் காப்பாத்தினேன் அந்தப் பொட்டாசியத்தை, இன்னைக்கும் அந்த ஜாடியத் துடைக்கும்போது கை நின்னுடுது.

அமெரிக்காவுல ஆர்ட் பக்வால்ட்னு பத்திரிகையாளர் ஒருத்தர், நகைச்சுவையா எழுதுறவர், 1982ல புலிட்சர் பரிசு வாங்கினவர். 2006 ஆரம்பத்துல ஒரு காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க, கிட்னியும் போச்சு, டயாலிசிஸ் வேணாம்னு வாஷிங்டன்ல ஒரு ஹாஸ்பிஸ்ல, அதாவது கடைசி நாட்கள்ல இருக்குறவங்களைக் கஷ்டமில்லாம பாத்துக்கிற இடத்துல, போய்ச் சேர்ந்துட்டாரு, 80 வயசு. சில வாரம்தான்னாங்க. அவரு நண்பர்களை வரச்சொல்லி, பிடிச்சதெல்லாம் வரவழைச்சுச் சாப்பிட்டு, பேசிச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. கிட்னி தானா மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு! ஜூலைல ஹாஸ்பிஸை விட்டே வெளிய வந்து, இந்த அனுபவத்தையே ஒரு புத்தகமா எழுதி, 2007 ஜனவரி 17ல மகன் வீட்டுல இறந்தாரு. அப்பாவுக்கும் அப்படி ஆகும்னு சொல்ல இதை எழுதல, அது ரொம்ப அபூர்வம், 30 வருஷ சுகர்ல கெட்ட கிட்னி திரும்பாது. அவரு அந்த நாட்களை எப்படிச் செலவழிச்சாருன்னு பாருங்க, நான் அத்தைக்கு என்ன செஞ்சேன்னு பாருங்க, அதுக்காகத்தான்.

கடைசி எப்படி இருக்கும்னு கேட்டீங்க. டயாலிசிஸ்ல இருந்து நிறுத்தினவங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். அப்பா ஆரம்பிக்கவே இல்ல, யூரின் கொஞ்சமாவது போகுதுன்னா சில மாசம் கூடப் போகலாம், தேதி யாராலயும் சொல்ல முடியாது. பசி குறையும், குமட்டும், உடம்பு அரிக்கும், கால் வீங்கும். போகப்போகத் தூக்கம் கூடும், நிறைய பேருக்கு முழிச்சிருக்குற நேரம் குறைஞ்சு குறைஞ்சு அப்படியே அடங்கிடும். கஷ்டம்னா பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான், நுரையீரல்ல நீர் சேர்றதால. அதுக்கு நீர் பிரிய மருந்து இருக்கு, தலையணையை உயர்த்தி சாய்ஞ்ச மாதிரி உக்கார வைக்கணும், முகத்துக்கு ஃபேன் காத்து படணும். வலின்னு மெடிக்கல் கடையில நீங்களா மாத்திரை வாங்கிக் குடுத்துடாதீங்க. மார்ஃபின் கூட கிட்னி போனவங்க உடம்புல வெளியேறாம தங்கி உடம்பை வெட்டி வெட்டி இழுக்க வைக்கும், அதனால விவரம் தெரிஞ்ச டாக்டர்கள் ஃபென்டனில் மாதிரி வேற மருந்து பாப்பாங்க. அரிப்புக்கும் மருந்து இருக்கு, இருக்குன்னே எனக்கு அத்தை போன பிறகுதான் தெரிஞ்சது.

அதனால இப்பவே ஒரு பாலியேட்டிவ் டாக்டரை, அதாவது வலி, திணறல் மாதிரி கஷ்டங்களைக் குறைச்சுப் பாத்துக்கிற டாக்டரைப் பாத்துடுங்க, திணறல் வந்த ராத்திரியில தேடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்கள்ல, அதுல வீட்டுக்கே வந்து இந்தப் பராமரிப்பு செய்றதும் உண்டு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க. டயாலிசிஸ் வேணாம்னா வைத்தியமே வேணாம்னு அர்த்தம் இல்ல, இதை அங்க வாயைத் திறந்து சொல்லுங்க, நான் சொல்லல.

சாப்பாட்டைப் பத்தியும் அந்த டாக்டர்கிட்டயே பேசுங்க, எதைக் குடுத்தா மூச்சு திணறும், எது ஒரு வாய் பரவாயில்லன்னு. உப்பும் தண்ணியும் ரொம்பப் போனா திணறல் வரும், பொட்டாசியம் ஏறினா திடீர்னு இதயம் நிக்கலாம், அது அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சே ஒரு துண்டு கேட்டாருன்னா குடுங்க.

அண்ணன் கத்துறது கோபம் இல்லம்மா, தூரத்துல இருக்குறவனுக்குக் காசைத் தவிர அனுப்ப ஒண்ணுமில்ல. நீங்க நடுவுல நின்னு பதில் சொல்லாதீங்க, வீடியோ கால் போட்டு அப்பாகிட்ட குடுத்துட்டு நீங்க எழுந்து வெளிய போயிடுங்க. லீவு கிடைக்குமான்னு கேளுங்க, இப்ப, அவரு முழிச்சிருந்து பேசும்போதே.

கடிதத்துல கிரியாட்டினின் எழுதிருந்தீங்க, வயசு எழுதிருந்தீங்க, அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு எழுதவே இல்ல. அடுத்த தடவ எழுதுங்க.

அன்புடன்,
அக்கா