மொட்டை மாடி ரம்மியும் மூணு நம்பரும் ஒன்றா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 38. திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, மாதம் 27,000 கைக்கு வருகிறது. குடி, சிகரெட் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டாளிகள் ஆறு பேர் மொட்டை மாடியில் ரம்மி போடுவோம். 200 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போக மாட்டேன். வேலை நாட்களில் டீக்கடை பக்கத்தில் ஒருவரிடம் மூணு நம்பர் லாட்டரி, தினம் இரண்டு டிக்கெட், ஒன்று 60 ரூபாய். ஐபிஎல் வந்தால் நண்பன் அனுப்பிய லிங்கில் கொஞ்சம் பெட்டிங். வீட்டில் நாலு பேரும் சினிமாவுக்குப் போனால்கூட 1,200 காலி. அது செலவு என்றால் இது மட்டும் எப்படித் தப்பு? மனைவி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். நேரத்துக்கும் காசுக்கும் இது தகுமா, தகாதா?

பதில்: மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவியும் மூன்றையும் சேர்த்தே நிறுத்தச் சொல்கிறார். பிரித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ரம்மியை நான் விடச் சொல்ல மாட்டேன். மற்ற இரண்டும் பொழுதுபோக்குக் கணக்கிலேயே வராது.

சினிமாவை நீங்களே இழுத்துவிட்டதால் அதையே அளவாக வைப்போம். நாலு பேர், மூன்று மணி நேரம், 1,200 ரூபாய். ஆளுக்கு மணிக்கு 100 ரூபாய் ஆகிறது. சூதாட்டத்துக்கும் இப்படி மணிக்கணக்கில் விலை போட முடியும். போன வாரம் எவ்வளவு விட்டீர்கள், அதற்கு முந்தின வாரம் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது அந்த விலை இல்லை, அது ஏறும், இறங்கும். ஒரு ஆட்டத்துக்குக் கட்டும் பணம், மணிக்கு எத்தனை ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் இருப்பவர் எடுக்கும் பங்கு, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் விலை. ஒரு வாரம் கை நன்றாக வரும், ஒரு வாரம் வராது. வருஷக் கணக்கில் ஆடும்போது அந்த விலைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள்.

மொட்டை மாடி ரம்மியில் நடுவில் யாரும் இல்லை. ஆறு பேரும் 200 எடுத்து வந்தால் மாடியில் 1,200 ரூபாய் இருக்கிறது. சாயங்காலம் இறங்கும்போதும் அதே 1,200தான், வேறு வேறு சட்டைப் பைகளில். டீ, பஜ்ஜிக் காசு மட்டும் வெளியே போயிருக்கும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆடத் தெரிந்தவர்கள் என்றால் வருஷக் கடைசியில் பெரிய லாபமும் இருக்காது, பெரிய நஷ்டமும் இருக்காது. அந்த ஆறு பேரில் நீங்கள்தான் சுமார், ஸ்கூட் விட வேண்டிய (ஆரம்பத்திலேயே விலக வேண்டிய) கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டிருந்து ஃபுல் கவுண்ட் (முழுப் புள்ளிக்கும் காசு) கொடுக்கிற ஆள் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் 100 ரூபாய் போகட்டும். நாலு மணி நேரத்துக்கு 100, மணிக்கு 25. சினிமாவில் கால் பங்கு.

இதே ஆறு பேர், இதே 200 ரூபாயோடு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுக்கிற கிளப்பிலோ யாரோ ஒருவர் வீட்டிலோ போய் உட்கார்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஆளுக்கு 20 ரூபாய் கட்டினால் நடுவில் 120. அதில் பத்து சதவீதம், 12 ரூபாய், நடத்துபவருக்கு. மணிக்கு நாலு ஆட்டம், நாலு மணி நேரம் என்றால் 16 ஆட்டம். 192 ரூபாய் போய்விட்டது. அதாவது ஒவ்வொரு ஞாயிறும் உங்களில் ஒருவருடைய பணம் ஏறக்குறைய முழுசாக நடத்துபவர் பாக்கெட்டுக்குள் போகிறது. யார் தோற்றார் என்று மட்டும்தான் நீங்கள் ஆறு பேரும் ஆடித் தீர்மானிக்கிறீர்கள்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. ரம்மியில் அதிர்ஷ்டத்தை விடத் திறமைக்கே பெரிய பங்கு என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னது. அதே தீர்ப்பில், கிளப்போ இடத்துக்காரரோ ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. மாடியை விட்டு இறங்கித் தெருமுனையிலோ பீச் பக்கமோ காசு வைத்து உட்காராதீர்கள். அங்கே போலீஸ் வருவதற்கு 1888-ஆம் வருஷத்துச் சென்னை மாநகரக் காவல் சட்டமே போதும்.

மாடியிலேயே ஒரு ஆபத்து உண்டு. ஆறு மணி வாக்கில், தோற்றுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் “கடைசியா உள்ளே வெளியே ரெண்டு ரவுண்டு போடலாம்” என்பார். ரம்மியில் ஒரு ஆட்டம் முடியக் கால் மணி நேரம் ஆகும், உள்ளே வெளியே என்கிற மங்காத்தா ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதில் திறமைக்கு வேலையே இல்லை. நாலு மணி நேரத்துக்கு என்று எடுத்து வந்த 200 பத்து நிமிஷத்தில் காலியாகும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் கைமாற்று. உங்கள் கூட்டத்தில் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று எனக்கு எழுதவில்லை. இருந்தால் அந்த நேரத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி மூணு நம்பர். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. தினம் இரண்டு, மாதம் 26 நாள் என்றால் வருஷத்துக்கு 624 டிக்கெட். 37,440 ரூபாய். உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. மூன்று எண்ணும் அடித்தால் 25,000 தருவார் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் முழுக்க வாங்கியும் ஒரு தடவைகூட அடிக்காமல் போக சுமார் 54 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சரி, ஒரு தடவை அடித்தேவிட்டது. அப்போதும் வருஷக் கணக்கில் 12,440 ரூபாய் நஷ்டம். அடித்த நாளில் தெருவுக்கே தெரியும், பிரியாணி போடுவீர்கள், அதுவும் இந்தக் கணக்கில் சேராத செலவு. கடைசி இரண்டு எண், ஒரு எண் என்று இடையில் கொடுக்கும் சில்லறையைச் சேர்த்துப் பார்த்தாலும் விற்பவர் தன் பங்கை எடுத்த பிறகுதான் மீதி உங்களுக்கு.

இந்தக் காசுக்கு எவ்வளவு பொழுது போகிறது என்று பாருங்கள். காலையில் நம்பர் யோசிக்க இரண்டு நிமிஷம். மூன்று மணிக்குக் கேரளாவில் குலுக்கல், முடிவை போனில் பார்க்க இன்னொரு நிமிஷம். 120 ரூபாய்க்கு அவ்வளவுதான் பொழுதுபோக்கு. நடுவில் இருக்கும் நேரமெல்லாம் கிரேன் பக்கம் நின்றுகொண்டு “அடித்தால் என்ன செய்யலாம்” என்று யோசிப்பதை மகிழ்ச்சி என்று சொல்வீர்களானால், வாரத்துக்கு ஒரே ஒரு டிக்கெட்டிலும் அந்த மகிழ்ச்சி கிடைத்துவிடும். தினம் இரண்டு வாங்க வைப்பது வேறு ஒன்று. 472 வாங்கினீர்கள், 473 வந்தது. “ஒரே நம்பர்ல போச்சே” என்று மனசு துடிக்கும். குலுக்கலுக்கு 473-க்குப் பக்கத்து எண் 472 என்பதே தெரியாது, 008 எவ்வளவு தூரமோ 472-ம் அவ்வளவு தூரம்தான். “ஒரு வாரமா ஏழு வரவே இல்ல, நாளைக்கு வந்தாகணும்” என்று டிக்கெட் கொடுப்பவர் சொல்வதும் இதே ரகம். 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்பு, அடுத்தது சிவப்பு என்று கட்டியவர்கள் எல்லாம் காலியானார்கள். சக்கரத்துக்கு முந்தின சுற்று நினைவிருக்காது.

நம் அப்பா காலத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருந்தன. 1968-இல் அரசே பரிசுச் சீட்டு தொடங்கியபோது “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்றார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை வந்தது. இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது கேரள லாட்டரிகூட இல்லை, அதன் முடிவில் வரும் கடைசி எண்களை வைத்து இங்கே யாரோ நடத்தும் தனிக் கணக்கு. துண்டுச் சீட்டு, இல்லையென்றால் வாட்ஸ்அப் மெசேஜ். பெரிய பரிசு விழுந்த அன்று அவர் போனை அணைத்துவிட்டால் எந்த ஸ்டேஷனிலும் போய்ச் சொல்ல முடியாது. விழாவிட்டால் நாட்டுக்கும் போவதில்லை.

ஐபிஎல் லிங்க்கைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இந்தச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த மாதமே பண ஆட்டங்களை மூடிவிட்டன. அதற்குப் பிறகும் காசு வாங்குகிற லிங்க் என்றால் சட்டத்துக்குப் பயப்படாதவர் நடத்துவது. “வித்ட்ரா” கொடுக்கவில்லை என்றால் புகார் செய்ய அங்கே ஆள் கிடையாது.

கொடுத்தாலும் பிரச்சினை வரலாம். இப்படிப்பட்ட இடங்களில் ஜெயித்த பணம் கம்பெனிக் கணக்கிலிருந்து வராது, யார் யாருடைய கணக்கிலிருந்தோ வரும். அதில் ஒன்று வேறு எங்கோ நடந்த மோசடியில் சிக்கியிருந்தால், சைபர் கிரைம் போலீஸ் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளையும் முடக்கச் சொல்வார்கள். உங்களுக்கு வந்தது 800 ரூபாயாக இருக்கும், முடங்குவது சம்பளக் கணக்கு. அதை விடுவிக்க வேறு மாநிலத்து போலீசுக்கு எழுதிக்கொண்டு அலைய வேண்டும். “உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் குடு, மாசம் இவ்வளவு தர்றேன்” என்று அந்த நண்பனோ அவனுடைய நண்பனோ கேட்டால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால் நீங்களே குற்றவாளியாவீர்கள்.

கிரிக்கெட் தெரியும் என்கிற நம்பிக்கையில்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். சமமான இரண்டு டீம், எதன் மேல் 100 கட்டினாலும் ஜெயித்தால் 190 என்று கொடுக்கிறார்கள் என்றால், இரண்டு பக்கமும் வந்த 200-இல் 10 ரூபாய் அவர்களுக்கு. ஐந்து சதவீதம். நீங்கள் அறிந்த காயம், பிட்ச், டாஸ் எல்லாம் அந்த விலையில் ஏற்கெனவே இருக்கிறது. 500 போட்டால் 500 போனஸ் என்பார்கள். அதை எடுக்க வேண்டுமானால் மொத்தப் பணத்தையும் பத்து தடவை சுற்றிக் கட்ட வேண்டும் என்று பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கும். 10,000 ரூபாய்க்குப் பந்தயம், அதில் ஐந்து சதவீதம் 500. போனஸ் அதோடு சரி. பந்துக்குப் பந்து கட்டச் சொல்கிற ஆட்டத்தில் இந்த ஐந்து சதவீதம் எத்தனை முறை கழிகிறது என்று நான் முதலில் சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

நேரத்தையும் கேட்டிருந்தீர்கள். ஞாயிறு ஆட்டம் ஆறு மணிக்கு முடிகிறது. போனில் இருக்கும் ஆட்டத்துக்கு முடியும் நேரம் கிடையாது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் பண ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை தடை போட்டது, ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. அந்த ஐந்து மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கிறது. தோற்றதை எடுத்துவிட்டுத் தூங்கலாம் என்று உட்காருகிற நேரம் அதுதான். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் ஐபிஎல்லும் பெரும்பகுதி ஒன்றாகவே வருகின்றன. உங்கள் கூட்டாளிகளில் படகில் போகிறவர்கள் இருந்தால் அவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சும்மா இருக்கும் கைக்கு நம் பக்கத்தில் கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது இந்தத் தெருப் போர்டுகளின் ஊரிலிருந்துதான். (அதிலும் பத்து ரூபாய் வைத்து ஆடுகிறவர்கள் உண்டு, தெரியும்.)

நிறுத்துவது எப்படி என்று வருகிறேன். டீக்கடை பக்கத்தில் நம்பர் விற்பவரிடம் கடன் கணக்கு இருந்தால் ஒரேயடியாகக் கொடுத்து முடித்துவிட்டு, அவருடைய எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். லிங்கில் மீதி இருக்கும் பணத்தை எடுக்க முயற்சி செய்ய வேண்டாம், போனது போகட்டும். “எடுக்க முதலில் வரி கட்டு” என்று கேட்டால் அது மோசடி, சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். எரிச்சல் வருகிறதா, வீட்டுக்குத் தெரியாமல் வேறு சிம்மில் ஆடத் தோன்றுகிறதா, தண்டல் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டியது ஏற்கெனவே நடந்திருக்கிறதா? அப்படியானால் இது பட்ஜெட் விஷயம் இல்லை, மருத்துவம் இதை ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 14416 டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். அப்படியொரு நிலையில் ரம்மியையும் சேர்த்து விட்டுவிட வேண்டும், மனைவி சொல்வதுதான் சரி.

இல்லையென்றால், மனைவியிடம் யூபிஐ ஸ்டேட்மென்ட்டைத் திறந்து காட்டி, மூணு நம்பரும் லிங்க்கும் முடிந்தது, ஞாயிறு 200 மட்டும் இருக்கட்டும் என்று பேசிப் பாருங்கள். மாதம் 800 ரூபாய் வரும். 27,000 சம்பளத்தில் அது தாங்கும். ஆனால் உங்களுக்குக் கேள்வி கேட்காத 800 இருக்கிறது என்றால் அவருக்கும் அதே 800 தனியாகப் போக வேண்டும். நாலு மணி நேரம் நீங்கள் மாடியில் இருக்கும்போது வீட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பவர் அவர்தான் என்பதால், வாரத்தில் இன்னொரு நாள் நாலு மணி நேரமும் அவருக்கு வர வேண்டும்.