ஓட்டைக் கை கேலக்ஸிகள்

சென்ற இதழில், பால்வீதிக்குப் பக்கத்து கேலக்ஸிகளான மெகல்லன் மேகங்களைப் பற்றி எழுதும்போது ‘குள்ள கேலக்ஸி’ என்று போகிறபோக்கில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

கேள்வி: குள்ள கேலக்ஸி என்றால் நம் பால்வீதியைச் சுருக்கி வைத்தது மாதிரியா?

பதில்: சுருக்கினால் அது வராது. பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரங்கள். குள்ள கேலக்ஸியில் மிஞ்சிப்போனால் சில நூறு கோடி. கடைக்கோடியில் ஆயிரம் தேறுவதே சந்தேகம். ஆனால் எண்ணிக்கையைவிடப் பிடிமானம்தான் விஷயம். ஈர்ப்பு குறைவு என்பதால் இவற்றுக்கு ஓட்டைக் கை. பால்வீதியில் ஒரு பெரிய நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்தால், சிதறும் வாயுவில் பெரும்பகுதி மேலே எழும்பித் திரும்ப விழும். அதிலிருந்து அடுத்த தலைமுறை நட்சத்திரங்கள் பிறக்கும். குட்டி கேலக்ஸியில் அதே வெடிப்பு வாயுவை வீட்டை விட்டே விரட்டிவிடும். நட்சத்திரங்கள் சமைத்துவைத்த ஆக்ஸிஜனும் இரும்பும் அதோடு போயாயிற்று. அங்குள்ள நட்சத்திரங்களில் இரும்பு இவ்வளவு கொஞ்சமாக இருப்பது இதனால்தான்.

வாயு மிச்சமிருப்பவை ஒழுங்கில்லாத வடிவத்தில் இன்னும் நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கும். வாயு தீர்ந்தவை கிழட்டு நட்சத்திரங்களோடு மங்கிக் கிடக்கும்.

கேள்வி: குள்ளக் கோளுக்கு வரையறை இருப்பதுபோல இதற்கும் உண்டா?

பதில்: கிடையாது. பெரிய மெகல்லன் மேகத்தைக் குள்ள கேலக்ஸி என்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி, ஆனால் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: ஆயிரம் நட்சத்திரங்கள்தான் என்கிறீர்கள். அதை நட்சத்திரக் கொத்து என்று சொல்லிவிட்டுப் போகலாமே, கேலக்ஸி என்ற பட்டம் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி, நானும் பல வருடம் இப்படித்தான் முனகிக்கொண்டிருந்தேன். பந்துபோலத் திரண்டு லட்சக்கணக்கில் நட்சத்திரம் வைத்திருக்கும் கோளக் கொத்துக்கே கேலக்ஸி பட்டம் இல்லை, இந்த ஆயிரத்துக்கு எதற்கு என்று.

விடை நட்சத்திரங்களின் வேகத்தில் இருக்கிறது. 1983-இல் மார்க் ஆரன்சன் என்ற வானியலாளர், சுமார் இரண்டரை லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் டிராகோ குள்ள கேலக்ஸியில் மூன்றே மூன்று நட்சத்திரங்களின் வேகத்தை அளந்தார். அவ்வளவு தொலைவில் அன்றைக்கு அளக்க முடிந்தது அவ்வளவுதான். மூன்றுக்கும் இடையே இருந்த வேக வித்தியாசம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அந்த வேகத்தில் ஓடுபவற்றைக் கட்டிவைக்க, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் எடை போதவே போதாது. மூன்றை வைத்து ஒரு கேலக்ஸியை எடைபோடுவதா என்று யாருக்கும் தோன்றும். தவிர, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரமாக இருந்தால் அந்தச் சுற்று வேகமும் கணக்கில் நுழைந்து ஏமாற்றிவிடும். பிறகு நூற்றுக்கணக்கில் அளந்தார்கள். ஆரன்சன் சொன்னது நின்றது.

இப்போது செக்வே 1 என்ற மிகச் சின்னக் குள்ள கேலக்ஸிக்கு வாருங்கள். மொத்த வெளிச்சமே சில நூறு சூரியன்கள் அளவுதான். நட்சத்திரங்களின் எடை மட்டும் என்றால் அவை நொடிக்கு அரை கிலோமீட்டர் வித்தியாசத்தில்கூட அசையக் கூடாது. அளந்தால் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். அங்கே வேறு ஏதோ எடை இருக்கிறது. அதைத்தான் கரும்பொருள் என்கிறோம். கோளக் கொத்தில் இந்தக் கணக்கு இடிப்பதில்லை, அதன் நட்சத்திரங்களே அதன் வேகத்துக்குப் போதும். ஆக, கொத்து என்பது நட்சத்திரங்கள் மட்டும். கேலக்ஸி என்பது கரும்பொருளின் ஈர்ப்புக் குழிக்குள் விழுந்த நட்சத்திரங்கள், அது ஆயிரமே ஆனாலும்.

கேள்வி: அப்படியானால் அந்தக் குழியில் ஏன் இன்னும் நிறைய நட்சத்திரங்கள் பிறக்கவில்லை?

பதில்: ஆரம்பத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டார்கள். பெருவெடிப்புக்குப் பிறகு முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குள், அன்றைய நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் கேலக்ஸிகளுக்கு இடையே இருந்த ஹைட்ரஜனைச் சுமார் பத்தாயிரம் டிகிரிக்குச் சூடாக்கின. சூடான வாயு சின்னக் குழியில் தங்காது, புதிதாக உள்ளே இறங்கவும் செய்யாது. அதனால் மிகச் சின்னவற்றில் பெரும்பாலும் 1,200 கோடி வயதைத் தாண்டிய நட்சத்திரங்களே இருக்கின்றன. கொஞ்சம் பெரியவை தப்பின, ஆனால் பால்வீதிக்கு அருகில் வந்தபோது அதைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய வெப்ப வாயு இவற்றின் வாயுவை உரித்துக்கொண்டது. பதினான்கு லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் ஒதுங்கி நிற்கும் லியோ டி என்ற குள்ள கேலக்ஸி, அத்தனை சின்னதாக இருந்தும் இன்னும் வாயு வைத்திருக்கிறது.

1999-இல் ஒரு பெரிய தலைவலி வந்தது. கணினிக் கணக்குகள் பால்வீதியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கரும்பொருள் கட்டிகள் இருக்க வேண்டும் என்றன. அன்று தெரிந்த துணை கேலக்ஸிகளோ பத்துச் சொச்சம். இன்று அறுபதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மீதிக் கட்டிகள் நட்சத்திரமே பற்றாத வெறும் குழிகளாக இருக்கலாம் என்பதே பலரின் கருத்து.

கேள்வி: இவை வளர்ந்து பெரிய கேலக்ஸி ஆகுமா? சின்னத் தொலைநோக்கியில் ஏதாவது ஒன்றைப் பார்க்க முடியுமா?

பதில்: ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது பால்வீதிக்குப் பொருந்தும். அது சின்னவற்றை விழுங்கித்தான் பெருத்தது. விழுங்கப்பட்டவை பெருகவில்லை. சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் விழுங்கிய ஒன்றின் நட்சத்திரங்களை, கையா விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2018-இல் அடையாளம் கண்டார்கள்.

இப்போது மெல்லப்பட்டுக்கொண்டிருப்பது தனுசு குள்ள கேலக்ஸி. பால்வீதியின் மையத்துக்கு அந்தப் பக்கம், முன்னால் நிற்கும் நட்சத்திரக் கூட்டத்தில் மறைந்து கிடந்ததால் 1994 வரை யாருக்கும் தெரியாது. அதிலிருந்து உருவிய நட்சத்திரங்கள் பால்வீதியை நீளமான நாடாவாகச் சுற்றிக் கிடக்கின்றன.

அதன் நடுவில்தான் எம் 54 என்ற கோளக் கொத்து இருக்கிறது. சார்லஸ் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1778-இலேயே தன் பட்டியலில் சேர்த்தது. 1991-இல் என் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் அதைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதியது: ‘எம் 54. சிறியது. நட்சத்திரம் பிரியவில்லை. சுமார். அடுத்தது.’ நான் ‘சுமார்’ போட்ட பொருள் வேறொரு கேலக்ஸியின் உள்மையம் என்று மூன்று வருடம் கழித்துத் தெரிந்தபோது அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ‘87,000 ஒளியாண்டு’ என்று மட்டும் எழுதிவைத்தேன்.

நீங்களும் பார்க்கலாம். தனுசு ராசியில் தேநீர்க் கெண்டி வடிவம் இருக்கிறதல்லவா, அதன் கைப்பிடி அடிப்பக்கத்தில் சேரும் இடத்து நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து மேற்கே, சற்றுத் தெற்காக, மூன்றரை முழுநிலா அகலம் நகர்த்துங்கள். ஃபோகஸ் சரியில்லாத நட்சத்திரம் மாதிரி ஒன்று தெரியும். நிலா இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.