ரேஷியோ 2.25, ஆனா லாச்சியில காசில்ல: சில கேள்வி, சில பதில்

ஏ.எல் கணக்கீட்டில நடைமுறை விகிதம் (கரன்ட் ரேஷியோ) 2:1 தான் நல்லம் எண்டு படிச்சம். ஒரு கம்பெனிட அறிக்கையில 1.2 தான் வருது, அது விழப்போற கம்பெனியா சேர்? (மட்டக்களப்பு)

இல்ல தங்கச்சி. ஒரு வருஷத்துக்குள்ள காசாகுற சொத்த ஒரு வருஷத்துக்குள்ள குடுக்க வேண்டிய கடனால பிரிக்கிறம், அவ்வளவுதான். 2 எண்டுறது கடன் குடுத்த பேங்க்காரங்க அந்தக் காலத்துல வச்சிருந்த ஒரு கைக்கணக்கு. சோதனையில 2:1 எண்டே எழுதுங்க, மார்க்ஸ் முக்கியம். நிசத்துல பாக்கிறண்டா அதே கம்பெனிட அஞ்சு வருஷத்த வரிசையா எழுதுங்க, 1.9, 1.6, 1.2 எண்டு இறங்கி வந்திருந்தா அப்பதான் யோசிக்கணும்.

சம்மாந்துறையில நெல் மில் நடத்துறன். ரேஷியோ 2.25, நல்லா இரிக்கு எண்டுறார் கணக்காளர். ஆனா போன மாசம் சம்பளம் குடுக்க வீட்டு நகைய அடகு வச்சன்.

நானா, அவர் பொய் சொல்லல்ல. நீங்க அனுப்பின கணக்குல நெல் இருப்பு 180 லட்சம், கடன்பட்டோர் (உங்களுக்கு காசு தரவேண்டியவங்க) 40, காசு 5, மொத்தம் 225 லட்சம், குடுக்க வேண்டியது 100 லட்சம், அதுல 70 ஓடி (OD, கணக்குல இருக்கிறதுக்கு மேல பேங்க்ல எடுத்த காசு). பிரிச்சா 2.25 தான். ஆனா கணக்கு முடியிறது மார்ச் 31, மாரிப்போக வெட்டு முடிஞ்சு ஸ்டோர் முட்ட மூட்டையா இரிக்கிற நேரம், எல்லாரும் ஒண்டா விக்கிறதால நெல் விலையும் படுத்துக் கிடக்கும், அந்த 180 லட்சம் அரிசியாகி வித்து காசா கைக்கு வர எத்தின மாசம் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். இருப்பக் கழிச்சுப் பாருங்க, 45ஐ 100ஆல பிரிச்சா 0.45, இதத்தான் விரைவு விகிதம் எண்டுற. அந்த 40 லட்சத்துலயும் போன நோன்புக்கு கடனுக்கு அரிசி எடுத்த கடைக்காரர்ர பாக்கி எவ்வளவு எண்டு பாருங்க, வராத காச சொத்தெண்டு வச்சிருக்கிறதும் ஒரு நோய்தான். ஓடி வட்டியும் இந்த ரேஷியோவுல தெரியாது, 2022 ஜூலையில மத்திய வங்கிட துணைநில் கடன் வழங்கல் வீதம் (பேங்குகளுக்கு அது கடன் குடுக்கிற வட்டி) 15.5 சதவீதம் ஆனப்ப ஓடிய நம்பி இருந்தவங்க பட்ட பாடு நாம கண்டதுதானே.

ஓடிய வருஷக்கணக்கா வச்சிருக்கம், அத நீண்டகாலக் கடன்ல போடலாமா? (அக்கரைப்பற்று)

ஏலாது. பேங்க் கேட்ட நேரம் கட்டவேண்டிய காசு அது.

பங்குச்சந்தையில இருக்கிற ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனிக்கு 0.8. வாங்கலாமா? (கல்முனை)

வாங்கு, வாங்காத எண்டு நான் சொல்லமாட்டன் தம்பி. ஆனா அந்த யாவாரத்துல 0.8 பெரிய அதிசயமில்ல, சாமான் இண்டைக்கு கைக்காசுக்கு விக்குது, குடுத்தவனுக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் குடுக்கிற. ரோட்டு வேல முடிச்சிட்டு பில் பாஸாகும் எண்டு காத்துக்கிடக்கிற கொந்தராத்துக்காரருக்கு அதே 0.8 எண்டா நித்திர வராது.

மார்ச் 31க்கு முந்தி கடன அடைச்சா ரேஷியோ ஏறுமாமே? (ஏறாவூர்)

1க்கு மேல இருந்தா ஏறும். சொத்து 200, கடன் 100 எண்டா 2. ஐம்பதக் கட்டினா 150க்கு 50, ரேஷியோ 3. கீழ இருந்தா தலகீழ், 80க்கு 100 இருக்கக்க 40 கட்டினா 40க்கு 60, அதாவது 0.67. நிசமா கட்டினா தப்பில்ல, ஏப்ரல் அஞ்சாம் திகதி திரும்ப எடுக்கிற ஆக்களும் இருக்காங்க, அதாலதான் பேங்க்ல மார்ச்ச மட்டும் பாக்காம பன்னிரண்டு மாச ஸ்டேட்மென்டும் கொண்டுவா எண்டு கேக்கிற.